டிவி பாட்டுப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பலாமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூனியர் சீசனுக்கு ஆடிஷன் என்று டிவியில் அடிவரி ஓட ஆரம்பித்தால் போதும், அந்த வாரம் முழுக்க என் போன் ஓயாது. நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் அந்த மேடை ஏறியிருக்கிறார்கள், பலர் முதல் அறையிலேயே திரும்பியிருக்கிறார்கள். இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் துணைக்குப் போய் உட்கார்ந்தவள் என்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டுப் போட்டி என்று பெயர் இருந்தாலும் முதலில் அது டிவி நிகழ்ச்சி, அப்புறம்தான் பாட்டு. கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்து வருபவைதான்.

இந்தப் போட்டிகள் எப்போது தொடங்கின? முன்பெல்லாம் இப்படி இல்லையே?

டிவியில் பாட்டுப் போட்டி நமக்குப் புதிதில்லை. ஏ.வி.ரமணன் சன் டிவியில் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’ பலருக்கு நினைவிருக்கும். இந்தியில் ஜீ டிவியின் ‘ச ரி க ம’ 1995-இலேயே வந்துவிட்டது. ஆனால் மாதக்கணக்கில் ஓடுவது, வாரம் ஒருவரை வெளியேற்றுவது, மக்கள் ஓட்டு, கடைசியில் பெரிய மைதானத்தில் ஃபைனல் என்ற இன்றைய வடிவம் தமிழில் ஊன்றியது 2006-இல் விஜய் டிவி ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கிய பிறகுதான். சிறுவர்களுக்கான ஜூனியர் சீசன் அடுத்த வருஷமே வந்தது. சித்ராவும் மனோவும் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கொஞ்சியதும், குரல் பயிற்சியாளர் அனந்த் வைத்யநாதன் ‘இந்த இடத்துல மூச்சு போதலை’ என்று பிரித்துக் காட்டியதும் வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ பிறகு சேர்ந்துகொண்டது.

ஆனால் பிள்ளைகளை மேடையேற்றிப் பாட வைத்துக் காசு பார்ப்பது டிவி கண்டுபிடித்த வேலை இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்மிடம் பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா முழுக்கச் சிறுவர்களால் நடந்த நாடகக் கம்பெனி. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாகச் சேர்ந்தது அங்கேதான். எஸ்.ஜி.கிட்டப்பாவும் சிறுவனாக மேடை ஏறியவர்தான். அந்தக் காலத்துப் பையன்களுக்கு வந்த ஒரு பிரச்சினை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. மகரக்கட்டு, அதாவது பையன்களின் குரல் உடைவது, பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

எந்த வயதில் அனுப்பலாம்?

சேனல் அறிவிக்கும் வயது வரம்பு சீசனுக்குச் சீசன் மாறும், அதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் எட்டு வயதுக்குக் கீழே வேண்டாம். பாட வராது என்பதால் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை பிரமாதமாகப் பாடும், ஆனால் காத்திருக்காது. அங்கே பாடுவது நாலு நிமிஷம், காத்திருப்பது நாலு மணி நேரம். அலங்காரம் கலையாமல், பசியைக் காட்டாமல், கேமரா எப்போது திரும்பினாலும் சிரித்த முகமாக அவ்வளவு நேரம் உட்கார வேண்டும். உங்கள் பிள்ளை ஒரு கல்யாண வரவேற்பில் எவ்வளவு நேரம் ஒழுங்காக உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள்.

கர்நாடக சங்கீதம் படித்திருப்பது கட்டாயமா?

இல்லை. 2018-இல் சூப்பர் சிங்கர் பட்டம் வாங்கிய செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாடகர். அது பெரியவர்களுக்கான போட்டிதான், இருந்தாலும் பதில் அதில் இருக்கிறது. கட்டாயம் வேண்டியது சுருதி ஞானம். சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் சுருதியும் தாளமும் உடம்பில் ஏற நம்மவர்கள் கண்டுபிடித்த வழி. வேறு வழியில் அது ஏறியிருந்தாலும் சரிதான். வீட்டிலேயே சோதிக்கலாம். போனில் தம்புரா ஆப்பைப் போட்டு, பிள்ளையை இரண்டு வரி பாடச் சொல்லுங்கள். பாதியில் தம்புராவை நிறுத்திவிடுங்கள். பாடி முடித்ததும் மறுபடி ஓடவிடுங்கள். பிள்ளை நின்ற இடமும் தம்புராவும் ஒன்றாக இருந்தால் ஆடிஷனுக்குத் தயார். இறங்கிப்போயிருந்தால் தினமும் இருபது நிமிஷம், ஆறு மாதம் உழைக்க வேண்டும். அடுத்த சீசன் வராமல் போகாது.

ஆடிஷன் அன்றைக்கு உண்மையில் என்ன நடக்கும்?

டிவியில் நாம் பார்க்கும் ஆடிஷன் முதல் ஆடிஷன் இல்லை. பிரபல நடுவர்கள் முன்னால் போய் நிற்பதற்குள் இரண்டு மூன்று அறைகளைத் தாண்ட வேண்டியிருக்கும். முதல் அறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் நிகழ்ச்சியின் இசைக் குழுவைச் சேர்ந்தவர்கள். அங்கே வெளிச்சம் கிடையாது, கைதட்டல் கிடையாது.

ஒருமுறை ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியோடு போயிருந்தேன். ஒரு கல்லூரி வளாகம். காலை ஐந்தரைக்கே வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. நெஞ்சில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். அவளுடைய அம்மா பதற்றத்தில், ‘அந்தச் சரணத்தை இன்னொரு தடவை பாடு கண்ணு’ என்று வரிசையிலேயே பதினைந்து தடவையாவது பாட வைத்திருப்பார். நான் தடுத்தும் கேட்கவில்லை. வெறும் வயிறு வேறு. பதினொன்றே முக்காலுக்கு நம்பரைக் கூப்பிட்டபோது குழந்தையின் குரல் பாதி போயிருந்தது. உள்ளே ஒரு மேஜை, ஒரு லேப்டாப், இரண்டு பேர். மைக் இல்லை, பின்னணி இசை டிராக் இல்லை. இரண்டாவது வரியிலேயே, ‘போதும்மா, வேற ஒண்ணு பாடு’ என்றார்கள். பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது, தோற்றுவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். இரண்டாவது பாட்டைத் தேம்பிக்கொண்டேதான் பாடினாள்.

‘வேற பாடு’ என்றால் அது நல்ல சகுனம். பிடிக்காவிட்டால் ‘சரிம்மா, சொல்லி அனுப்புறோம்’ என்றுதான் சொல்வார்கள். இன்னொன்று கேட்கிறார்கள் என்றால் குரலில் ஏதோ இருக்கிறது, அது வேறு வகைப் பாட்டில் எப்படி இருக்கும் என்று பார்க்க நினைக்கிறார்கள் என்று அர்த்தம். இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள். அன்றைக்கு நான் அதைச் சொல்ல மறந்தேன், அந்தக் குறை என்னுடையது.

அப்புறம், கையில் மூன்று பாட்டாவது வேண்டும். ஒரு மெலடி, ஒரு துள்ளல், நாட்டுப்புறமோ பக்தியோ ஒன்று. மூன்றும் மூன்று விதமாக இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள். வரிசையில் நிற்கும்போது பாடவிடாதீர்கள்.

எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது?

அப்பாக்களும் நானும் சண்டை போடும் இடம் இது. அப்பாவுக்கு டி.எம்.எஸ். பிடிக்கும், அதனால் பையன் டி.எம்.எஸ். பாட வேண்டும். பாடட்டும், ஆனால் கட்டையை, அதாவது எந்தச் சுருதியில் பாடுவது என்பதை, பாருங்கள். ஆண் குரலுக்குப் பொதுவாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை வசதி. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை, ஆறு. குரல் மாறாத பையன்களும் பெண் பிள்ளைகளும் அந்த ஐந்து, ஆறு பக்கம்தான், சிலர் அதற்கும் மேலே. ஆண் பாடகர் பாடிய கட்டையிலேயே பிள்ளை பாடினால் கீழ் ஸ்தாயியில் சத்தமே வராது. வெறும் காற்றுதான் வரும்.

சரி, டிராக்கை ஏற்றிக்கொள்ளலாமே என்பார்கள். போன் ஆப்பில் அரைக்கட்டை அரைக்கட்டையாக ஏற்றலாம்தான். ஆனால் நாலைந்து அரைக்கட்டைக்கு மேல் போனால் டிராக்கில் உள்ள வயலின் கிறீச்சிடும், தபலா டப்பா மாதிரி ஒலிக்கும், பிள்ளையின் குரலும் அதோடு சேர்ந்து செயற்கையாகிவிடும். அதைவிட பி.சுசீலா, எஸ்.ஜானகி, சித்ரா பாடியவற்றில் தேடுங்கள். கட்டை தானாகவே கிட்டத்தட்டப் பொருந்தும். பையன்கள் பெண் பாடகி பாடிய பாட்டைப் பாடினால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது தப்பு, உச்சஸ்தாயி மோகம். மேலே போய்க் கத்தினால் கைதட்டுவார்கள், அது உண்மைதான். ஆனால் பிள்ளை எட்டக்கூடிய கடைசி ஸ்வரத்திலேயே பாட்டின் உச்சம் இருக்கக் கூடாது. எட்டுவதற்கு மேலே ஒரு ஸ்வரமாவது மிச்சம் இருக்க வேண்டும். மேடையில் பயத்தில் மூச்சு குறையும், அப்போது அந்த மிச்சம்தான் கைகொடுக்கும்.

மூன்றாவது, அர்த்தம். பத்து வயதுப் பிள்ளை விரகதாபப் பாட்டைக் கண்ணைச் சுழற்றிப் பாடுவதை நாம் ரசித்துக் கைதட்டுகிறோமே, அது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை. நடன நிகழ்ச்சிகளில் சிறுவர்களை வயதுக்குப் பொருந்தாத வகையில் காட்டுவது பற்றி மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 ஜூனில் தனியார் சேனல்களுக்கு அறிவுரையே அனுப்பியது. பாட்டுக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. பாடும் வரி எதைப் பற்றியது என்று பிள்ளை கேட்டால், கூச்சமில்லாமல் பதில் சொல்லக்கூடிய பாட்டாக எடுங்கள். நல்ல பாட்டுக்குத் தமிழில் பஞ்சமா?

பையனுக்குப் பதின்மூன்று வயது. குரல் திடீரென்று உடைகிறது. போட்டி நடக்கும்போது இப்படி ஆனால்?

இதைத்தான் பழைய நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்றார்கள். அந்த வயதில் குரல்வளை வேகமாக வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பையன்களின் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரையான தூரம், கீழே இறங்கும். பெரும்பாலும் பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில் வரும், சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேலே. பெண் பிள்ளைகளின் குரலும் மாறும், ஆனால் அவ்வளவு இறங்காது, அதனால் வெளியே அதிகம் தெரியாது. பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட்டாகவும் (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டாகவும் (பெண் வேஷம்) கொடிகட்டிப் பறந்த பையன், மகரக்கட்டு வந்ததும் சின்ன வேஷத்துக்கு இறங்குவான், அல்லது மூட்டை கட்டுவான்.

டிவி சீசன் மாதக்கணக்கில் ஓடுவதால் நடுவில் இது வரத்தான் செய்யும். என் மாணவன் ஒருவன் ஐந்தரைக் கட்டையில் ஆடிஷன் பாடினான். மூன்று மாதம் கழித்து அதே பாட்டின் சரணத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது, முன் வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவன் அதற்குப் பிறகு ஒரு வருஷம் வீட்டில்கூடப் பாடவில்லை. இப்போது இரண்டு கட்டையில் அருமையாகப் பாடுகிறான், அது வேறு விஷயம்.

செய்ய வேண்டியது இதுதான். பாட்டை நிறுத்த வேண்டாம், நேரத்தைக் குறையுங்கள். கட்டையை இறக்கிக்கொண்டே வாருங்கள், வாரா வாரம் மாறினாலும் மாறட்டும். நடு ஸ்தாயியிலேயே மெதுவாகப் பாடட்டும். பழைய உச்சத்தை எட்டச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். பையனுக்குப் பன்னிரண்டரை வயது, குரலில் லேசாகக் கரகரப்பு தெரிகிறது என்றால், அந்த வருஷம் ஆடிஷனுக்கே போக வேண்டாம் என்பேன்.

தொண்டைக்கு என்ன கொடுக்கலாம்?

சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தொண்டைக்கு இதமாக இருக்கும், கொடுங்கள். ஆனால் நாம் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, குரல் நாண் இருப்பதோ மூச்சுக்குழாயின் வாசலில். எந்தக் கஷாயமும் அதை நேராகத் தொடாது. அதற்கு வேண்டியது தண்ணீர், தூக்கம், கத்தாமல் இருப்பது. பாடிக் கெடுவதைவிட விளையாட்டில் கத்திக் கெடும் குரல்தான் அதிகம். சளி, காய்ச்சல் இல்லாமலே கரகரப்பு இரண்டு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். பிள்ளைகளுக்கும் குரல் நாணில் முடிச்சு மாதிரி தடிப்பு வரும். பெரும்பாலும் ஓய்விலும் பயிற்சியிலும் சரியாகிவிடும், கவனிக்காமல் பாட வைத்துக்கொண்டே இருந்தால்தான் சிக்கல்.

ஷூட்டிங் ராத்திரி வரை போகிறது என்கிறார்களே, சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. பதினான்கு வயது நிறையாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டம், 2016-இல் திருத்தப்பட்டபோது, சினிமா, டிவி போன்றவற்றில் கலைஞர்களாகப் பங்கேற்க மட்டும் விலக்கு கொடுத்தது. அந்த விலக்குக்கு நிபந்தனைகள் 2017-இல் வந்த விதிகளில் இருக்கின்றன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வு இல்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம், அதாவது கலெக்டரிடம், முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதிகபட்சம் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். பள்ளிப்படிப்பு தடைப்படாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை தேசியமயமான வங்கியில் பிள்ளையின் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். விருப்பமில்லாத பிள்ளையைப் பங்கேற்க வைக்கவே கூடாது. கடைசியில் சொன்னது தயாரிப்பாளருக்கு எழுதிய விதி, ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சில அப்பா அம்மாக்களின் முகம்தான் நினைவுக்கு வரும்.

ஒரே நாளில் இரண்டு மூன்று எபிசோடுகளை எடுத்து முடிப்பது டிவியில் வழக்கம். செட் வாடகை, நடுவர்களின் கால்ஷீட் எல்லாம் கணக்கில் வரும். அதனால் நேரம் தாண்டும்போது கேட்பது உங்கள் வேலை. சண்டை போட வேண்டாம். அன்றைய பொறுப்பாளர் யார் என்று காலையிலேயே தெரிந்துகொண்டு, ‘சார், இவ எத்தனாவது? முதல்லயே எடுத்துட முடியுமா?’ என்று கேட்டால் பல சமயம் வேலை நடக்கும். கேட்டால் பிள்ளையைத் தூக்கிவிடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொள்பவர்கள்தான் அதிகம். பிள்ளைக்கு ஏதாவது அநியாயம் நடந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். எதைப் பார்ப்பது?

பதினெட்டு வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது, அதனால்தான் உங்களிடம் வாங்குகிறார்கள். ஆங்கிலத்தில் பல பக்கம் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு நாள் கேளுங்கள், தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். மூன்று விஷயத்தைத் தேடுங்கள். வேறு சேனலிலும் கச்சேரியிலும் எவ்வளவு காலம் பாடக் கூடாது? பாடிய காட்சிகளை உங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ள அனுமதி உண்டா? வெளிநிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் வரும் பணத்தில் யாருக்கு எவ்வளவு? சேனல் தன் முதலீட்டைப் பாதுகாத்துக்கொள்ளும், அதில் தப்பில்லை. ஆனால் மூன்றாவது வாரத்தில் வெளியேறிய பிள்ளை வருஷக்கணக்கில் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. அதைப் பேசிக் குறைக்கப் பாருங்கள்.

‘உங்க பிள்ளை செலக்ட் ஆயிட்டா, பணம் கட்டுங்க’ என்று போன் வந்தது…

மோசடி. வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே 1930-க்கு, அதாவது சைபர் குற்ற உதவி எண்ணுக்கு, கூப்பிடுங்கள். தாமதிக்காமல் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

உண்மையிலேயே திறமைக்குத்தான் இடமா, இல்லை கதைக்கா?

இரண்டுக்கும். பாடவே வராத பிள்ளை கதையை மட்டும் வைத்து உள்ளே போவதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரே அளவு பாடும் நாலு பேரில் யாரை எடுப்பார்கள் என்றால், யாரைப் பார்த்தால் ரிமோட்டைக் கீழே வைப்போமோ அவரைத்தான். குறும்பாகப் பேசும் பிள்ளை, மழலை மாறாத பிள்ளை, அப்பா ஆட்டோ ஓட்டும் பிள்ளை. ‘டெடிகேஷன் ரவுண்டு’ என்று வைத்து வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லச் சொல்லுவார்கள். பின்னால் சோக வயலின் ஏறும், நடுவர் கண் துடைப்பார், அந்த மூன்று வினாடி புரோமோவாக நாள் முழுக்க ஓடும்.

வறுமையைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முடிவு உங்களுடையது. கடன், நோய், பிரிவு என்று எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முதல் நாள் ராத்திரியே பிள்ளையோடு பேசி வையுங்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும். ‘இதைப் பத்திப் பேச வேண்டாம் சார்’ என்று சொல்லலாம். சொன்னால் வேறு ஒன்றைக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

ஓட்டு விஷயத்தில் ஒன்று. நடுவர் மதிப்பெண் வேறு, மக்கள் ஓட்டு வேறு. கடைசிக் கட்டத்தில் ஓட்டுதான் பேசும். பெரிய ஊர், பெரிய சொந்தபந்தம், கடல் தாண்டிய தமிழர் ஆதரவு எல்லாம் எடை போடும். 2015-இல் முடிந்த ஜூனியர் நான்காவது சீசனில் ஸ்பூர்த்தி பட்டம் வாங்கினார், கனடாவிலிருந்து வந்து பாடிய ஜெசிக்கா இரண்டாவது இடம். தனக்குக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் ஈழத்துப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதாக அவர் குடும்பம் மேடையிலேயே அறிவித்தது. அந்த சீசனைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் பலர் முதலில் சொல்வது அதைத்தான்.

டிவியில் கேட்கும் அளவுக்கு என் பிள்ளை பாடவில்லையே?

டிவியில் வருவது கலந்து, மெருகேற்றிய ஒலி. பின்னால் தேர்ந்த வாத்தியக்காரர்கள், பக்கத்தில் கோரஸ், முன்னால் சவுண்ட் இன்ஜினியர். வீட்டு ஹாலில் ஃபேன் சத்தத்துக்கு நடுவே பாடும் உங்கள் பிள்ளையை அதோடு ஒப்பிடாதீர்கள்.

பரிசாக வீடு என்கிறார்கள். கைக்கு முழுசாக வருமா?

முழுசாக வராது, முதலில் வரி. டிவி போட்டியில் ஜெயிக்கும் பரிசுக்கு வருமான வரி 30 சதவீதம், அதன்மேல் செஸ். மொத்தம் 31.2 சதவீதம். வழக்கமான வரிவிலக்கு வரம்பு எதுவும் இதற்குச் செல்லாது. பணமாக இருந்தால் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். வீடாக இருந்தால் செங்கல்லில் பாதியைப் பிடிக்க முடியாதே! அதனால் வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகுதான் பரிசை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 40 லட்ச ரூபாய் மதிப்புள்ள வீடு என்று வையுங்கள், வரி மட்டும் 12 லட்சத்து 48 ஆயிரம். அரைக்கோடியைத் தாண்டினால் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் சேரும். அதை ஸ்பான்சர் கட்டுகிறாரா, நீங்களா? பத்திரப்பதிவுச் செலவு யாருடையது? வீடு கட்டி முடிந்துவிட்டதா, இல்லை படத்தில் மட்டும் இருக்கிறதா? மேடையில் பெரிய அட்டைச் சாவியைக் கொடுக்கும்போது இதையெல்லாம் கேட்க முடியாது. ஃபைனலுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயரில் பான் கார்டு எடுத்து வைப்பதும் நல்லது.

ஜெயித்தால் பின்னணிப் பாடகர் ஆகிவிடலாமா?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஜெயிக்காதவர்களும் ஆகியிருக்கிறார்கள். சூப்பர் சிங்கர் மூன்றாவது சீசனில் பட்டம் சாய்சரணுக்குப் போனது, ஃபைனல் வரை வந்த சத்யபிரகாஷ் தொடர்ந்து சினிமாவில் பாடிவருகிறார். ஏழாவது சீசனில் பட்டம் வாங்காத சிவாங்கி சமையல் நிகழ்ச்சியில் சிரிக்க வைத்து வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். இந்தியில் 2005-இல் ஒரு போட்டியில் ஃபைனலுக்கு முன்பே வெளியேறியவர் அரிஜித் சிங். அதே சமயம் ஸ்ரேயா கோஷல் சிறுவயதில் இப்படி ஒரு டிவி போட்டியில் ஜெயித்து, அங்கிருந்து நேராக சினிமாவுக்கு வந்தவர். ஆக, இதில் சூத்திரம் எதுவும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஸ்டுடியோவில் மைக் முன்னால் பாடுவது வேறு தொழில். அங்கே கைதட்டல் இல்லை, தெரியாத பாட்டை அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டு பாட வேண்டும். அதற்கு ஸ்வரம் எழுதிப் படிக்கப் பழகுங்கள். போட்டியில் அதற்கு மார்க் இல்லை என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை.

பிள்ளையின் வீடியோவுக்குக் கீழே கேவலமாக எழுதுகிறார்கள்…

பிள்ளையைப் படிக்க விடாதீர்கள். நீங்களும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதாதீர்கள். நிறம், பல், உடம்பு, சாதி என்று பேசும் கணக்குகளைப் புகார் செய்துவிட்டு நகருங்கள். பாராட்டு மழைக்கும் இதே விதிதான். ‘அடுத்த ஜானகி’ என்று ஆயிரம் பேர் எழுதினால் அதையும் காட்ட வேண்டாம்.

எலிமினேட் ஆகி வரும் பிள்ளையிடம் என்ன சொல்வது?

பெரும்பாலும் ஒன்றும் சொல்ல வேண்டாம். ‘நடுவருக்குக் காது இல்ல’ என்று திட்டுவதையும், ‘அந்தச் சங்கதியைத்தான் அன்னைக்கே சொன்னேனே’ என்று குத்திக்காட்டுவதையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. முதலில் அலங்காரத்தைக் கலையுங்கள். அந்தப் பளபளா உடையும் தலை நிறையக் குத்திய ஊசிகளும் மணிக்கணக்கில் பிள்ளையை உறுத்திக்கொண்டிருந்திருக்கும்.

மேலே சொன்ன ஒன்பது வயதுக்காரி அடுத்த வருஷம் மறுபடி போனாள். இந்த முறை மூன்று அறை தாண்டி மேடை வரை வந்து, இரண்டாவது வாரம் வெளியேறினாள். வேனில் அவள் அம்மா முன்சீட்டில் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். பின்சீட்டில் நான் ஒவ்வொரு ஊசியாக எடுத்துக்கொண்டு வந்தேன். மொத்தம் முப்பத்தி நாலு. கடைசி ஊசியை எடுத்ததும் தலையைச் சொறிந்துகொண்டே, கூடப் போட்டியில் இருந்த ஒரு பையனின் பெயரைச் சொல்லி, ‘மிஸ், அவன் அந்த இடத்துல ஒரு பிருகா போட்டானே, அது எனக்கும் வேணும்’ என்றாள். வீடு வரும் வரைக்கும் அந்த வேகமான ஸ்வர உருட்டலைத்தான் பாடிப் பார்த்துக்கொண்டு வந்தோம். டிரைவர் ரேடியோவை அணைத்துவிட்டார்.